மஞ்சள் கீறல்

சின்னவன் டீ வேண்டாம் என்று சொன்னபோதுதான் பாலிஷக்காவுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

டீயை வேண்டாமென்று சொல்லிப் பழகாத வாய் அது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதுகூட மாத்திரையை டீயில்தான் விழுங்கினான். அப்பேர்ப்பட்டவன் மழையில் நனைந்துகொண்டு, பைக்கும் இல்லாமல் நடந்தே வந்து, படுக்கை விரிப்பில் சுற்றிய எதையோ அக்காவின் பட்டறைச் சுவரில் சாத்திவிட்டு, வந்த காலோடு திரும்பப் பார்த்தான்.

"என்னடா அது?"

"என் பைக் கண்ணாடிக்கா. மருந்து ஸ்டோர் கேட்டுல உரசிடுச்சு."

"பிரி, பாக்கலாம்."

"இப்ப வேண்டாம். இங்கயே இருக்கட்டும். ரூம்ல வச்சா எவனாவது மிதிச்சுத் தொலைப்பான். நான் சொல்றப்ப எடுத்தாப் போதும்."

"முழங்கையில என்ன?"

அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "சிராய்ப்பு. ஒண்ணுமில்ல."

"உக்காரு. டீ போடுறேன்."

"வேண்டாம்க்கா. வேலைக்கு நேரமாச்சு, ஸ்டோர்ல தேடுவாங்க."

போய்விட்டான். அடுப்பில் வைத்த பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

பாலிஷக்கா என்பது ஊர் வைத்த பெயர். அவளைவிட வயதில் மூத்த மெக்கானிக்குகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தகரக் கூரை போட்ட நீளமான பட்டறையில் முன்பாதி அவள் புருஷன் வெல்டருடையது, பின்பாதி அவளுடையது. நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கும். அந்தப் பக்கத்துத் தீப்பொறி பறந்துவந்து இந்தப் பக்கத்துக் கண்ணாடியில் உட்கார்ந்தால் தீர்ந்தது, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடும். கல்யாணமான புதிதில் அவள் அந்தத் தார்ப்பாயைக் கட்டியபோது, "அதுக்குள்ள பாகப்பிரிவினையா?" என்று வெல்டர் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேலியை விடவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் காற்றுக்கும் மழைக்கும் மறைப்பாக நிற்கிற அந்தப் பலகை நிஜத்தில் பிளாஸ்டிக்தான். ஊரே கண்ணாடி என்கிறபோது அவள் மட்டும் எதற்கு மாற்றிச் சொல்ல வேண்டும்? நிஜக் கண்ணாடியாக இருந்தால் அவளுக்குப் பிழைப்பு ஏது? காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்தாலே கோடு விழுகிற சாமான் அது. மழை காலத்தில் சேற்றோடு சேர்த்துத் துடைப்பார்கள். வெயில் காலத்தில் புழுதியோடு துடைப்பார்கள். இன்னும் சில மகானுபாவர்கள் பெட்ரோலை ஊற்றித் துடைத்து, உடம்பெல்லாம் மயிரிழையாக வெடித்துப்போனதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, நீங்க சோம்பேறியா இருந்திருந்தா இது தப்பிச்சிருக்கும்" என்பாள் அவள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. போன கண்ணாடியைப் புதுசாக்கித் தருகிற கை, இரண்டு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

தம்பி தெருமுனை தாண்டியதும் விரிப்பைப் பிரித்தாள்.

இடது பாதி முழுக்கக் கீறல். நகத்தை வைத்து ஓட்டினால் நகம் மாட்டிக்கொள்கிற ஆழம். கீறலுக்குள்ளே மஞ்சள் பெயிண்ட் அப்பிக்கிடந்தது.

மருந்து ஸ்டோர் கேட்டைச் செய்தது அவள் புருஷன். துருப்பிடிக்காமலிருக்க அடியில் பிரைமர் பூசிக் காயவைத்து, மேலே இரண்டு கை பச்சை பெயிண்ட் அடித்தது அவளேதான். பச்சை கேட்டில் உரசினால் மஞ்சள் எப்படி ஒட்டும்? பொய் சொல்கிறவன் நிறத்தையாவது பார்த்துச் சொல்லக்கூடாதா என்று எரிச்சல் வந்தது. அப்போது வெறும் எரிச்சல்தான். பயம் பின்னால் வந்தது, வெல்டரோடு சேர்ந்து.

வெல்டர் குடையை உதறிக்கொண்டே சொன்னார்.

"கேட்டியா சேதி? நம்ம டெய்லரை எவனோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம். நேத்துப் பொழுது சாயுற நேரம், தண்ணித் தொட்டி வளைவுல. கால் ரெண்டு துண்டாம். தலையிலயும் அடி. இன்னும் நினைவு வரல."

"அய்யோ. எந்த வண்டியாம்?"

"பைக்குதான். டீக்கடைக்காரர் பாத்திருக்காரு. மழையில மூஞ்சி தெரியலயாம். முன்னாடி உசரமா கண்ணாடி வச்ச வண்டின்னு மட்டும் சொல்றாரு. அந்த மஞ்சள் சைக்கிள் இருக்கே, சப்பையா நசுங்கிக் கிடக்கு. பாக்கவே முடியல."

டெய்லரின் சைக்கிளைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. கறுப்பாக இருந்ததை இருட்டில் வண்டிக்காரன் கண்ணுக்குப் படட்டும் என்று அவரே மஞ்சள் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெல்டரின் பார்வை சுவரோரம் போனது. "அதென்ன மூட்டை?"

"கண்ணாடி. ஒரு கஸ்டமர் கொடுத்தாரு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தொழில் விஷயத்தில் அவரிடம் அவள் பொய் சொன்னதே இல்லை. வாய் எப்படி அவ்வளவு சுலபமாகச் சொன்னது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெல்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது இரண்டு தரம் அந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டில் ரொட்டியும் முட்டையும் அப்படியே கிடந்தன.

சின்னவன் அவளுக்குத் தம்பி மட்டுமில்லை. அப்பா லாரியோடு போய்த் திரும்பி வராதபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. அதற்கப்புறம் அம்மா படுத்த படுக்கையானாள். சோறூட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, பொய் சொன்னதற்கு விளக்குமாற்றால் அடித்தது எல்லாம் இவள்தான். அவன் வளர்ந்து வண்டி ஆசை வந்தபோது, "பைக் ஓட்டு, வேண்டாங்கல. என்னைக்காவது லாரி ஸ்டியரிங்கைத் தொட்டேன்னா அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மழையில் மனுஷனை அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறவனாகவா அவனை வளர்த்தாள்? இல்லை என்று மனசு சொல்லும். உடனே மஞ்சள் கண்ணில் வந்து நிற்கும்.

மறுநாள் காலையில் டெய்லர் சம்சாரம் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவை கசங்கி, கண் வீங்கி, கையில் காலி ஃபிளாஸ்க். பாலிஷக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"எப்படிக்கா இருக்காரு?"

"மூச்சு விடுறாரு. அவ்வளவுதான். கூப்பிட்டாக் கண்ணு திறக்கல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அடிச்சவன் வண்டியில கண்ணாடி இருந்துச்சாம். இவ்வளவு பெரிய அடியில அது கீறாம இருக்காது. கீறினா எங்க வருவான்? உன்கிட்டதானே வரணும்? அப்படி ஏதாச்சும் வந்துச்சா?"

கண்ணாடி அவள் புடவைத் தலைப்புக்கு எட்டுகிற தூரத்தில் விரிப்புக்குள் இருந்தது.

"வரலையேக்கா."

"வந்தா சொல்லு. எனக்கு அவன் ஜெயிலுக்குப் போகணும்னுகூட இல்ல. ரோட்டுல கிடந்த மனுஷனைத் தூக்கி ஓரமா வைக்கக்கூட மனசு வரலையான்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

"கண்டிப்பா சொல்றேன்."

டெய்லர் சம்சாரம் தலையாட்டினாள். போகிறபோது பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாதாரணமாகப் பார்த்தாளோ, சந்தேகப்பட்டுப் பார்த்தாளோ தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் திரும்பிப் போய்த் தன் தம்பியைக் கூட்டிவரப் போகிறாள், போலீஸைக் கூட்டிவரப் போகிறாள் என்றே பாலிஷக்காவுக்குத் தோன்றியது.

சின்னவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தாள்கூட. கேட்டால் என்ன சொல்வான்? இன்னொரு பொய் சொல்வான். இல்லை, ஆமாம்க்கா என்பான். இரண்டில் எதைத் தாங்குவது என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

வெல்டர் ஒரு மாடிப்படிக் கைப்பிடி வேலைக்கு வெளியே போயிருந்தார். அவள் பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கண்ணாடியை மேஜைமேல் கிடத்தினாள்.

முதலில் சோப்புத் தண்ணீரை ஊற்றி வெறும் கையால் தடவிக் கழுவ வேண்டும். துணி போடக்கூடாது. மண் துகள் ஒன்று துணியில் மாட்டிக்கொண்டால் பழைய கீறலோடு புதுக் கீறலும் சேரும். கழுவும்போதுதான் நன்றாகத் தெரிந்தது. மஞ்சளின் ஓரத்தில் சிவப்பாக, செங்கல் நிறத்தில், பொட்டுப் பொட்டாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் கை அப்படியே நின்றது. ரத்தம். வேறென்ன? மனுஷனுடைய ரத்தம். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, வேறு எதையும் தொடாமல் அந்தச் சிவப்பைத்தான் முதலில் தேய்த்து எடுத்தாள்.

அப்புறம் எண்ணூறு நம்பர் உப்புத்தாளை ஊறவைத்து எடுத்தாள். மேலிருந்து கீழாக ஒரே போக்கில் போக வேண்டும். கீறல் இருக்கிற இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, ஓட்டுகிறவனுக்கு ரோடு தண்ணீரில் மிதக்கிற மாதிரி நெளியும். அதனால் நல்ல இடத்தையும் சேர்த்துத்தான் தேய்க்க வேண்டும். அடுத்து ஆயிரத்து இருநூறு, இது குறுக்குப் போக்கில். முந்தின தாளின் கோடு முழுசாக மறைகிறவரை விடக்கூடாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை காலியில்லை.

இரண்டாயிரம் நம்பர் முடிந்தபோது கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுத்துவிட்டோம் என்று பயந்து நிறுத்துவார்கள். அவளுக்கும் அன்றைக்குத்தான் அந்தப் பயம் வந்தது. செய்வது சரியா? வாசலில் யாரோ செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனார்கள். டெய்லர் சம்சாரமோ என்று உடம்பு தூக்கிப்போட்டது. யாரோ வழிப்போக்கர். அதோடு யோசனை போயிற்று. பாலிஷ் கிரீமைத் தடவி, பஞ்சுச் சக்கரத்தை மெதுவாக ஓடவிட்டாள். வேகமாக ஓடினால் சூடேறி பிளாஸ்டிக் இளகி இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளுப்பு விலகி, அந்தப் பக்கத்துச் சுவர், சுவரில் மாட்டிய காலண்டர், காலண்டரின் ஆணி என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவ்வளவு சுத்தமாக அவள் எந்தக் கண்ணாடியையும் தேய்த்ததில்லை.

சாயங்காலம் வந்து கை கழுவப் போன வெல்டர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டல் அடியில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"யாருது இது?"

"சொன்னேனே, கஸ்டமர்..."

"இந்தா பாரு. இரும்பைப் பழுக்க வச்சு அதோட நிறத்தைப் பாத்துப் பிழைக்கிறவன் நான். உன் மூஞ்சி நிறம் எனக்குத் தெரியாதா? யாருது?"

"சின்னவனுது."

வெல்டர் வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவனே தேய்க்கச் சொன்னானா?"

"இல்ல."

"அவன்கிட்டக் கேட்டியா, என்ன நடந்துச்சுன்னு?"

"கேட்டாப் பொய்தாங்க சொல்வான். ஸ்டோர் கேட்டுல உரசுச்சுன்னான். பச்சை கேட்டுல உரசினா மஞ்சள் எங்கிருந்து வரும்?"

"அப்ப கேக்கல."

"ரத்தம் இருந்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

வெல்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க. அவன் செஞ்சிருந்தா அது ஒரு பாவம். இது ரெண்டாவது பாவம். செய்யலைன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். அந்தப் பாதி வாக்கியத்தை அவள் காதில் வாங்கவே இல்லை. தம்பி தப்பித்துவிட்டான் என்பது ஒன்றுதான் அவள் நெஞ்சில் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த நாள் மழை விட்டிருந்தது. வெல்டர் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார். சின்னவன் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், டெய்லர் சம்சாரம், அவளுடைய தம்பி. பாலிஷக்கா சுவரோர விரிப்பை ஒரு தரம் பார்த்தாள். ஆனால் சின்னவன் முகத்தில் பயமே இல்லை. கொஞ்சம் அசடு வழிந்தது, அவ்வளவுதான்.

"அக்கா, திட்டாத. பைக்ல கண்ணாடி இல்லைன்னு இவங்க என்னை விசாரிக்கிறாங்க. முதல்ல சொல்லிடுறேன். நான் லாரி ஓட்டப் பழகுறேன்."

"என்னது?"

"ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் லாரி யார்டு இருக்குல்ல, அங்க ஒரு டிரைவர் சொல்லித் தர்றாரு. உன்கிட்டச் சொன்னா நீ வெட்டிப் போடுவேன்னுதான் மறைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமும் அங்கதான் இருந்தேன். மழைன்னு டிரைவர் வரல. வாட்ச்மேன் வண்டி நிக்கிறதைப் பாக்காம பெரிய கேட்டைத் தள்ளிட்டான். பிடிக்கப் போயி எனக்கு முழங்கை தேஞ்சுது. கண்ணாடியெல்லாம் கீறிடுச்சு."

"வாட்ச்மேன் அப்படி ஒண்ணும் நடக்கலைங்கிறான்" என்றார் போலீஸ்காரர். அவர் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"எப்படி சார் ஒத்துக்குவான்? ஓனருக்குத் தெரிஞ்சா அவன் வேலை போயிடும். ஓனர் வெளியூர்ல இருக்காரு. போன்ல சொன்னேன். கண்ணாடியைத் தொடாம அப்படியே வை, வந்து பாத்துட்டு வேற மாட்டித் தர்றேன்னாரு."

"நீ போன்ல சொன்னது மறுநாள். மோதிட்டு வந்துகூடச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான் டெய்லர் மச்சான்.

"அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தேன்? கண்ணாடியைப் பாருங்க. கேட்டோட மஞ்சள் அதுல ஒட்டியிருக்கு. உங்க மாமா சைக்கிளும் மஞ்சள்தான். ஆனா அது கறுப்பு மேல அடிச்ச மஞ்சள். கேட்டுல மஞ்சளுக்கு அடியில செவப்புப் பிரைமர். கீறல் ஓரத்துல செவப்பு பொட்டுப் பொட்டா ஒட்டியிருக்கு, நான் பாத்தேன். சைக்கிள்ல செவப்பு ஏது? சந்தேகமா இருந்தா எங்க அக்காவைக் கேளுங்க. கேட்டுக்கெல்லாம் பிரைமர் பூசுறதே அவங்கதான்."

பாலிஷக்கா தன் கையைப் பார்த்தாள். வெல்டர் செய்த ஒவ்வொரு கேட்டுக்கும் அந்தச் சிவப்பைப் பூசிய கை. நகக்கண்ணில் என்றைக்கும் போகாமல் நிற்கிற சிவப்பு. ஊரில் வேறு யார் பார்த்திருந்தாலும் ரத்தம் என்று நினைக்கலாம். அவள் நினைத்திருக்கக்கூடாது.

"எங்கக்கா வச்சிருக்க?" என்று கேட்டபடியே சின்னவன் சுவரோரம் போய் விரிப்பை இழுத்தான்.

கண்ணாடி பளபளவென்று நின்றது. அதன் வழியாக அந்தப் பக்கத்துச் செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சின்னவன் விரிப்பைப் பிடித்தபடி சுற்றுமுற்றும் தேடினான். "இது இல்லக்கா. இது வேற யாருதோ. என்னுது எங்க?"

வெல்டர் மிஷினை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். சின்னவன் குனிந்து ஸ்க்ரூ மாட்டுகிற துளைகளைப் பார்த்தான். தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் அக்காவைப் பார்த்தான். அந்த முகத்தை அவள் கைக்குழந்தையிலிருந்து பார்த்துவருகிறாள். அப்படி ஒரு பார்வையை அதில் அன்றைக்குத்தான் பார்த்தாள். விளக்குமாற்றால் அடித்தபோதுகூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"நான் கேட்டப்ப வரலைன்னு சொன்னே" என்றாள் டெய்லர் சம்சாரம் மெதுவாக. "இதுக்குப் பக்கத்துலயே நின்னு கேட்டேன்."

"பாத்தீங்களா சார்?" என்று டெய்லர் மச்சான் குதித்தான். "அக்காவும் தம்பியும் சேந்து நாடகம் ஆடுறாங்க. கீறலை அழிச்சுட்டு, இப்ப வந்து பாருன்னா என்ன அர்த்தம்?"

போலீஸ்காரர் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இதை அழிக்கிறதும் குத்தம்னு தெரியும்ல? நீங்களும் கூட வரணும்."

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார்." சின்னவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நான்தான் தேய்க்கச் சொன்னேன். சொன்னதை மறந்துட்டேன்."

"டேய்!" என்று வெல்டர் கத்தினார்.

"நான்தான் சொன்னேன் மாமா. விடுங்க."

விளக்குமாற்றடி வாங்கியும் திருந்தாத பொய். அதுவும் தன்னைத்தானே மாட்டிவிடுகிற பொய். பாலிஷக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவனை அப்படிப் போகவிடக்கூடாது. அவள் போலீஸ்காரருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவன் சொல்லல சார். தொடாதேன்னுதான் சொன்னான். நானாத்தான் தேய்ச்சேன்."

"அவன் சொல்லாம நீங்க ஏன் தேய்க்கணும்?"

வாயில் வருகிற பொய் எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. நிஜத்தைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைத் தம்பியின் காது கேட்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இவன்தான் அடிச்சிருப்பான்னு நான் நினைச்சுட்டேன் சார். ரத்தம்னு நினைச்சேன். அதனாலதான்."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா" என்றான்.

போலீஸ்காரர் அவளை ஒரு தரமும் அவனை ஒரு தரமும் பார்த்தார். கண்ணாடியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவர் கேட்டதில் கிண்டல் இல்லை.

"கூடப் பொறந்து, தூக்கி வளத்தவங்க நீங்க. உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கு. எனக்கு வரக்கூடாதாம்மா?"